தெர்மோவெல் முறியாமல் இருக்க நீளத்தைக் குறையுங்கள்

நீராவிக் குழாயில் வெப்பநிலை சென்சாரைக் காக்கும் உலோக உறையான தெர்மோவெல் முறிந்தால் பலரும் முதலில் அழுத்தத்தையும் உலோகத்தையும்தான் சந்தேகிப்பார்கள். பல நேரம் உண்மையான காரணம் அதிர்வு. பாயும் நீராவி தெர்மோவெல்லின் பின்பக்கம் இருபுறமும் மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கும். 0.22-ஐப் பாய்வு வேகத்தால் பெருக்கி, முனை விட்டத்தால் வகுத்தால் சுழல்கள் உதிரும் அதிர்வெண் தோராயமாகக் கிடைக்கும். வேகம் நொடிக்கு 30 மீட்டர், முனை 20 மி.மீ. என்றால் 330 ஹெர்ட்ஸ்.

இது தெர்மோவெல்லின் இயல்பு அதிர்வெண்ணில் (தட்டிவிட்டால் அது தானாக அதிரும் அதிர்வெண்) 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். 80 சதவீதம் வரை போகலாம் என்பார்கள். ஆனால் பாய்வின் திசையிலேயே வரும் ஒத்ததிர்வு (இரு அதிர்வெண்களும் பொருந்தி அதிர்வு பெருகுவது) அந்த இடைவெளியில்தான் காத்திருக்கிறது. 1995 டிசம்பரில் ஜப்பானின் மோஞ்சு அணு உலையில் தெர்மோவெல் முறிந்து சோடியம் கசிந்ததும் இந்த வகை அதிர்வால்தான். அது விட்டம் சட்டென்று குறையும், படி வைத்த வடிவம். படியின் மூலையில் தகைவு (உலோகத்துக்குள் எழும் விசை) குவியும். சீராகச் சரியும் கூம்பு வடிவமே நல்லது.

கணக்கு அந்த 40 சதவீதத்தைத் தாண்டினால் முதலில் நீளத்தைக் குறையுங்கள். நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இயல்பு அதிர்வெண் மாறும்: 300 மி.மீ.-ஐ 200 ஆக்கினால் இரண்டே கால் மடங்கு உயரும். முனை குழாய் விட்டத்தின் நடு மூன்றிலொரு பங்குக்குள் நின்றாலே போதும். சிறிய குழாயா? எல்போவில் (குழாய் வளைவில்), முனை பாய்வை எதிர்நோக்கும்படி பொருத்துங்கள்.

6 மி.மீ. சென்சாருக்குத் துளை 6.5 முதல் 7 மி.மீ. வரை. ஸ்பிரிங் வைத்த சென்சாரையே வாங்குங்கள்; நுனி அடியைத் தொடாவிட்டால் இடையிலுள்ள காற்று அளவீட்டைத் தாமதப்படுத்தும்.