பொள்ளாச்சியில் ஒரு ஊசி, கொழிஞ்சாம்பாறையில் அடுத்தது: தடுப்பூசிக் கணக்கு தவறாமல் இருக்க

தலைப்பிரசவம் தாய்வீட்டில். அதனால் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துக் குழந்தைகள் பலருக்கு, பிறந்ததும் கொடுக்கும் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி), போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ் பி (கல்லீரல் அழற்சித் தடுப்பூசி) மூன்றும் எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பொள்ளாச்சியில் முடிந்துவிடும். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ அப்பா வீட்டுக்கு வரும்போதுதான் கணக்கு தவறுகிறது. அங்கே தமிழில் ஓர் அட்டை, இங்கே மலையாளத்தில் இன்னொன்று. எது போட்டது, எது பாக்கி என்று யாருக்கும் தெரியாது.

புது அட்டை வாங்காதீர்கள். முதலில் கொடுத்த தாய்-சேய் அட்டையையே எல்லைக்கு இந்தப் பக்கமும் நீட்டுங்கள். தேதியை எண்ணில் எழுதச் சொன்னால் எந்த மொழி நர்சுக்கும் புரியும். தனியார் மருத்துவமனையில் போட்ட ஊசியையும், மருந்தின் பெயரோடு, அதே அட்டையில் ஏற்றச் சொல்லுங்கள். யூ-வின் (அரசின் இணையவழித் தடுப்பூசிப் பதிவேடு) பதிவுக்கு எப்போதும் ஒரே கைபேசி எண்தான். தாத்தா எண் ஒரு தடவை, அப்பா எண் ஒரு தடவை என்று கொடுத்தால் ஒரே பிள்ளை இரண்டு பிள்ளையாகப் பதிவாகும்.

தேசிய அட்டவணை இரு மாநிலத்துக்கும் பொது. 6, 10, 14 வாரங்களில் பெண்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி), போலியோ, ரோட்டா (வயிற்றுப்போக்குக்கு எதிரான சொட்டு). 6, 14 வாரங்களில் நியூமோகாக்கல் (நிமோனியாவுக்கு எதிரான) ஊசியும் சேரும். 9 மாதம் முடிந்ததும் எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) முதல் தவணை, நியூமோகாக்கல் பூஸ்டர். 16 முதல் 24 மாதத்துக்குள் எம்.ஆர். இரண்டாவது, டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ்) பூஸ்டர், போலியோ சொட்டு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி மட்டும் மாவட்டத்தைப் பொறுத்தது. வீடு மாறினால் கேட்டுவிடுங்கள். அதிகம் விட்டுப்போவது 5–6 வயது டி.பி.டி. ஊசி. பள்ளியில் சேர்த்த பரபரப்பில் அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது. பிறகு 10, 16 வயதில் டெட்டனஸ்-டிப்தீரியா ஊசி.

இடையில் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விட்ட தவணையிலிருந்து தொடரலாம். பெண்டாவேலன்ட் தவணைகளுக்கு நடுவே குறைந்தது 4 வாரம் வேண்டும். ஆனால் சிலவற்றுக்கு வயது வரம்பு உண்டு: பி.சி.ஜி., ரோட்டாவின் முதல் தவணை, பெண்டாவேலன்ட்டின் முதல் தவணை ஆகியவை 1 வயதுக்குள், எம்.ஆர். 5 வயது வரை, டி.பி.டி. 7 வயது வரை. பி.சி.ஜி. தழும்பு விழவில்லை என்று மறுபடி போடத் தேவையில்லை.

ஊசி நாளான புதன்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். எம்.ஆர்., பி.சி.ஜி. மருந்தைக் கலக்கினால் 4 மணி நேரத்துக்குமேல் வைக்க முடியாது. மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். கடைசியில் வரும் ஒரு குழந்தைக்காகப் புதுக் குப்பியை உடைக்கத் தயங்குவார்கள். லேசான சளி, இருமலுக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். போட்டபின் அரைமணி அங்கேயே இருங்கள். பெண்டாவேலன்ட் போட்டபின் வரும் காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலை எடைக்கேற்ப நர்ஸ் சொன்ன அளவில் மட்டும் கொடுக்கலாம். ஊசி போட்ட இடத்தில் எண்ணெய் தேய்ப்பது, மஞ்சள் பூசுவது எதுவும் வேண்டாம்.

அம்மாவின் ஊசியும் இதே அட்டையில்தான் இருக்கிறது. கர்ப்பம் தெரிந்ததும் ஒரு டெட்டனஸ்-டிப்தீரியா ஊசி, 4 வாரம் கழித்து இன்னொன்று. முந்தைய கர்ப்பத்தில் இரண்டும் போட்டு 3 வருடத்துக்குள் மறுபடி கருத்தரித்தால் பூஸ்டர் ஒன்று போதும். ஆனால் பழைய அட்டையைக் காட்டினால்தான் அது நர்சுக்குத் தெரியும்.