செல்லப்பிராணிக்குக் கழுத்துக் கருவி வாங்குமுன்: மலையகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காணாமற்போன நாயைத் தேடித் தேயிலை மலை முழுதும் ஏறி இறங்கிய அனுபவம் இலங்கையின் மலையகத்தில் பலருக்கும் உண்டு. அதனால், கழுத்துப்பட்டியில் மாட்டக்கூடிய இடங்காட்டிக் கருவியின் விளம்பரம் கைப்பேசியில் வந்து நின்றதும், விலையை மட்டும் பார்த்துவிட்டு வாங்கத் துணிவது இயல்பே. ஆனால் இக்கருவிகளில் பெரும்பாலானவை நெருக்கமான வீடுகளும் சீரான சிக்னலும் உள்ள நகரங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் ஹப்புத்தளையிலும் அவை எவ்வளவு பயன்படும் என்பது, கருவியின் தரத்தைவிட நம் வீடு எந்தச் சரிவில் இருக்கிறது என்பதையே கூடுதலாகச் சார்ந்திருக்கிறது.

வெவ்வேறான மூன்று பொருள்களை ஒன்றென நினைப்பதே முதலாவது தவறு. மிருக வைத்தியர் தோலுக்கடியில் செலுத்தும் மைக்ரோசிப்பில் மின்கலம் கிடையாது. அதனால் எந்த இடத்தையும் காட்ட முடியாது. அதற்குரிய வாசிப்புக் கருவியை மிக அருகில் பிடித்தால் ஒரு 15 இலக்க எண்ணைத் தரும், அவ்வளவுதான். புளூடூத் வில்லை தன்னைச் சுற்றியுள்ள கைப்பேசிகளின் வழியாகவே செய்தி அனுப்பும். ஜிபிஎஸ் கருவி செயற்கைக்கோள்களிடமிருந்து தன் இடத்தைக் கணித்து, அதனைத் தொலைபேசி வலையமைப்பின் மூலம் உரிமையாளருக்கு அனுப்பும். மூன்றையும் ‘டிராக்கர்’ என்றே எண்ணிவிடுவதால் ஏமாற்றமும் எளிதில் நேர்கிறது.

புளூடூத் வில்லைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மலிவு காரணமாகப் பலரும் முதலில் வாங்குவது இவற்றைத்தான். ஆப்பிளின் ஏர்டேக் 2021இல் வெளிவந்தது. அது பொருள்களைத் தேடுவதற்கானது, செல்லப்பிராணிகளுக்கானது அன்று என்று அந்நிறுவனமே கூறியிருக்கிறது. அருகில் யாரிடமாவது ஆப்பிள் கைப்பேசி இருந்தால்தான் அதன் இருப்பிடம் தெரியவரும். நுவரெலியா நகரச் சந்தையில் இது நடக்கலாம். காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பின்னாலேயே ஓடிப் போகும் நாய்க்கு, அந்த மலையில் எத்தனை ஐபோன்கள் எதிர்ப்படும்? அண்ட்ரொய்ட் கைப்பேசிகளுக்காக கூகுள் 2024இல் தொடங்கிய வலையமைப்போடு இயங்கும் வில்லைகள் நம் பக்கத்துக்கு ஏற்றவை என்று தோன்றும். எனினும் அதன் இயல்புநிலை அமைப்பில், பல கைப்பேசிகள் ஒரே வில்லையைக் கண்டறிந்தால்தான் இடம் காட்டப்படும். ஆள் நடமாட்டம் மிகுந்த இடங்களுக்கென வகுத்த ஏற்பாடு அது. இரண்டு மூன்று பேர் மட்டும் கடந்து செல்லும் ஒற்றையடிப் பாதையில் அதனிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. தவிர, இவ்வில்லைகள் பலவற்றில் நாணய வடிவ லித்தியம் மின்கலம் இருக்கிறது. நாய்க்குட்டி அதனைக் கடித்து விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடும்.

ஜிபிஎஸ் கருவி வாங்குவோர் செய்யும் தவறு வேறு வகையானது. செயற்கைக்கோளோடு இயங்குவதால் எங்கும் வேலை செய்யும் என்று எண்ணுகிறார்கள். செயற்கைக்கோள் கருவிக்கு இடத்தைத் தெரிவிக்கும்; கருவி அதை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டுமானால் அந்தப் பள்ளத்தில் சிக்னல் இருந்தாக வேண்டும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கருவி எந்த நிறுவனத்தின் வலையமைப்பைப் பயன்படுத்துமோ, அதே நிறுவனத்தின் சிம்மைக் கைப்பேசியில் போட்டுக்கொண்டு, நாய் வழக்கமாகப் போகும் வழியெல்லாம் நடந்து பாருங்கள். லயன் வீடுகளுக்குப் பின்னாலுள்ள வடிகான் ஓரம், ஓடைக்கு இறங்கும் படிகள், டேர்பன்டைன் மரத்தோப்பு, தோட்டத்தின் அடுத்த டிவிஷனுக்குத் திரும்பும் வளைவு ஆகிய இடங்களில் நின்று, கைப்பேசியில் ஒரு படத்தை அனுப்பிப் பார்த்தாலே உண்மை விளங்கிவிடும். நாய் தொலைந்துபோகக்கூடிய இடங்களிலேயே சிக்னல் அறுந்துபோகுமானால், அக்கருவி நாய் கடைசியாக எங்கே நின்றது என்பதை மட்டும் காட்டும். அதுவும் ஓரளவு உதவிதான். ஆனால் அந்த உதவிக்கு அவ்வளவு விலை கொடுக்கலாமா என்பதை வாங்குமுன்னரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

மூடுபனி ஜிபிஎஸ்ஸைக் கெடுக்கும் என்ற பயம் தேவையற்றது. வானத்தை மறைக்கும் மலைச்சுவரும் தகரக் கூரையும் அடர்ந்த மரங்களுமே கெடுக்கின்றன. திறந்த வெளியில் சில மீற்றருக்குள் இருக்கும் பிழை, ஆழமான பள்ளத்தாக்கில் பல பத்து மீற்றராகப் பெருகலாம். சமதரையில் அது பெரிய குறையல்ல. செங்குத்தான மலையிலோ, வரைபடத்துப் புள்ளி ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்க, நாய் அந்தப் பக்கம் நிற்கும். சிக்னல் குறைந்த இடத்தில் கருவி திரும்பத் திரும்ப வலையமைப்பைத் தேடுவதால் மின்கலமும் விரைவில் தீரும். பெட்டியில் எழுதியிருக்கும் நாட்கணக்கை நம்பிவிடக் கூடாது.

இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது, கருவியைக் காவலாகக் கருதுவது. தேயிலைத் தோட்டங்களையொட்டிய காடுகளில் சிறுத்தைகள் வாழ்கின்றன. இரவில் வெளியே திரியும் நாய்களை அவை பிடிப்பதும் தெரிந்ததே. காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்குகள் இன்னொரு பக்கம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் கழுத்தில் சுருக்கு இறுகிய கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்துபோனது. அத்தகைய கம்பி ஒரு நாயை விட்டுவைக்குமா? நாம் வரைபடத்தில் குறித்துவைத்த எல்லையை நாய் தாண்டியதும் கைப்பேசியில் எச்சரிக்கை வரும் என்கிறார்கள். பல கருவிகள் மின்சாரத்தைச் சேமிப்பதற்காகச் சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் இடத்தைப் புதுப்பிக்கின்றன. இரவில் நாயை உள்ளே அடைப்பதற்கு மாற்று எதுவும் இல்லை.

உடல்நலத்தை அளப்பதாகச் சொல்லும் பட்டிகளைப் பற்றி எனக்கு நல்லெண்ணம் குறைவு. நாய் எவ்வளவு நடந்தது, எவ்வளவு உறங்கியது என்பதை அவை ஓரளவு சொல்லும். ஆனால் இங்கே நாய்களை அதிகம் வாட்டும் உண்ணிக் காய்ச்சலை அவை கண்டறிந்து சொல்லா. ஈறு வெளிறியிருப்பதையும், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவதையும், உணவைத் தொடாமல் படுத்திருப்பதையும் கண்ணால் பார்த்துத்தான் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். உறங்கும் நாயின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணினால், அது தொடர்ந்து 30க்கு மேல் இருப்பதை (நோயின் அறிகுறியாகலாம்) யாரும் கண்டுபிடிக்கலாம். அதற்குச் செலவே இல்லை. விசர்நாய் நோய்த் தடுப்பூசியும் உண்ணி மருந்தும் பாக்கியிருக்கும் வீட்டில், பட்டிக்குப் பணம் ஒதுக்குவது முறையாகாது.

கழுத்தையும் மறந்துவிட வேண்டாம். வட்டவளை, மஸ்கெலியா பக்கங்களில் மே முதல் செப்டெம்பர் வரை பெய்யும் மழையில், பட்டிக்கடியிலுள்ள மயிர் காயவே காயாது. ஈரம் தங்கித் தோல் புண்ணாகும். நாளுக்கொரு முறை கழற்றித் துடைக்க நேரமில்லாதவர்கள் வாங்காமலிருப்பதே நன்று. பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். பூனைக்கு, கிளையில் சிக்கினால் தானே கழன்றுவிடும் பட்டியையே போட வேண்டும். அப்போது கருவியும் சேர்ந்து விழுந்துவிடும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பணம். சிம் பயன்படுத்தும் எந்தக் கருவிக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் உண்டா என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். கருவியின் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனி அடையாள எண்) 1909க்குக் குறுஞ்செய்தியில் அனுப்பியும் சரிபார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து தருவித்த கருவிகளில், நாம் மாற்ற முடியாதபடி உள்ளேயே பொருத்திய சிம் இருந்தால், சந்தாவை டொலரில் கட்ட நேரிடலாம். அந்தச் சேவை இலங்கையில் இயங்குமா என்பதும் வேறு கேள்வி. ஆகவே கருவியின் விலையோடு இரண்டு ஆண்டுச் சந்தாவையும் கூட்டிப் பார்த்து, அந்தத் தொகைக்கு எதிரே, தொலைபேசி எண் பொறித்த ஒரு சிறு உலோகத் தகட்டின் விலையை எழுதிப் பாருங்கள். ஒரு நாயைக் கண்டால் அது யாருடையது என்று விசாரிக்கும் வழக்கம் தோட்டங்களில் இன்னும் இருப்பதால், அந்தத் தகட்டை முதலில் வாங்கிவிட்டு, சிக்னல் சோதனையில் உங்கள் மலை தேறினால் மட்டும் ஜிபிஎஸ்ஸுக்குப் போகலாம்.