ஸ்தோத்திரம் சொல்வதில் நாம் செய்யும் தவறுகள்

சபையில் சாட்சி நேரம். ஒருவர் எழுந்து மைக்கை வாங்குகிறார். பஸ் கவிழ்ந்தது, பலர் இறந்துபோனார்கள், "என்மேல் ஒரு கீறல்கூட இல்லை, என் தேவன் என்னைக் கைவிடவில்லை" என்கிறார். எல்லாரும் அல்லேலூயா சொல்கிறார்கள். மூன்றாவது வரிசையில், போன வருடம் மகனைச் சாலை விபத்தில் பறிகொடுத்த தாய் உட்கார்ந்திருக்கிறார். அப்படியானால் அவருடைய மகனைத் தேவன் கைவிட்டாரா? சாட்சி சொன்னவர் அப்படி நினைத்திருக்கமாட்டார். ஆனால் அந்தத் தாயின் காதில் அப்படித்தான் விழுந்திருக்கும்.

உயிர் தப்பியவர் நன்றி சொல்லத்தான் வேண்டும். "பிழைத்தேன், ஸ்தோத்திரம், இறந்தவர்களின் வீடுகளுக்காக ஜெபியுங்கள்" என்று முடித்திருந்தால் அந்தத் தாயும் ஆமென் சொல்லியிருப்பார். பிறரோடு ஒப்பிட்டு நன்றி சொல்பவர் ஒருவரை லூக்கா 18ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். அவன் ஒரு பரிசேயன், நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவைச் சேர்ந்தவன். தேவனிடம் எதையும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற ஆயக்காரனைப்போல், அதாவது வரி வசூலிப்பவனைப்போல், தான் இல்லை என்பதற்காக ஸ்தோத்திரம் சொன்னான். நீதிமானாக வீடு திரும்பியது ஆயக்காரன். "சோறு இல்லாத பிள்ளைகளைப் பார், கர்த்தர் உனக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறார்" என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்கலாம். அந்தப் பிள்ளைகள் நம் நன்றிக்கு உதாரணமாக இருப்பதற்காகப் பட்டினி கிடக்கவில்லை.

இதைவிட மோசமான தவறு துக்க வீட்டில் நடக்கிறது. உடல் இன்னும் எடுக்கப்படவில்லை. ஒருவர் அந்த மனைவியின் தலையில் கைவைத்து, "அழக்கூடாது, ஸ்தோத்திரம் சொல்லுங்கள், எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள் என்று வசனம் இருக்கிறதே" என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

1 தெசலோனிக்கேயர் 5:18 சொல்வது "எல்லாவற்றிலேயும்" என்றுதான். எந்த நிலையில் இருந்தாலும் தேவனுக்கு நன்றி சொல்ல வழி உண்டு என்பது ஒன்று. நடந்த ஒவ்வொரு தீமைக்காகவும் நன்றி சொல் என்பது வேறு. எபேசியர் 5:20இல் "எல்லாவற்றிற்காகவும்" என்று வருகிறதே என்று கேட்பார்கள். வருகிறதுதான். ஆனால் அதே அதிகாரத்தின் 11ஆம் வசனத்தில், அந்தகாரக் கிரியைகளுக்கு உடன்படாமல் அவற்றைக் கடிந்துகொள்ளுங்கள் என்கிறார் பவுல். கடிந்துகொள்ள வேண்டிய ஒன்றுக்கே நன்றியும் சொல்லச் சொல்லியிருப்பாரா?

யோவான் 11ஐ நிதானமாகப் படித்தால் போதும். இறந்துபோன தம் நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார், இது 35ஆம் வசனம். கல்லை எடுத்தபின் பிதாவை ஸ்தோத்திரிக்கிறார், இது 41ஆம் வசனம். அழுகை முதலில் வருகிறது. லாசருவின் சகோதரிகளான மரியாளையும் மார்த்தாளையும் பார்த்து அழாதீர்கள் என்று அவர் சொன்னதாக அந்த அதிகாரத்தில் இல்லை.

ஸ்தோத்திரத்தைச் சாவியாகப் பயன்படுத்துவது இன்னொன்று. "துதித்தால் கதவு திறக்கும்" என்பதற்கு அப்போஸ்தலர் 16ஐக் காட்டுவார்கள். பிலிப்பி சிறையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடினார்கள், பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன. பிரசங்கம் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது: கதவு திறந்தும் அவர்கள் வெளியே ஓடவில்லை. கைதிகள் தப்பிவிட்டார்கள் என்று நினைத்துத் தற்கொலை செய்துகொள்ளப்போன சிறைக்காவலனைப் பவுல் சத்தம்போட்டுத் தடுத்தார். கதவு திறப்பதற்காகவே பாடியிருந்தால் அவனுக்காக நின்றிருப்பார்களா?

நூறு முறை, ஆயிரம் முறை என்று எண்ணிச் சொல்வதைப்பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஜெபத்தில் வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்ற மத்தேயு 6:7 எல்லார் வீட்டு வேதாகமத்திலும் இருக்கிறது. எண்ணிக்கையை விட்டுவிட்டு, இந்த வாரம் கிடைத்த ஒன்றின் பெயரைச் சொன்னாலே போதும். சங்கீதம் 136இன் 26 வசனங்களிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று திரும்பத் திரும்ப வரும். ஆனால் கடல் பிளந்தது, வனாந்தரத்தில் நடத்தியது என்று பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு காரணம் அதற்கு முன்னால் நிற்கும்.

காணிக்கை உறையில் "ஸ்தோத்திரக் காணிக்கை" என்று எழுதிப் போட்டதோடு கடமை முடிந்தது என்ற எண்ணமும் நமக்கு உண்டு. லேவியராகமம் 7இல் ஸ்தோத்திர பலிக்கு ஒரு விதி இருக்கிறது: இறைச்சியைச் செலுத்திய அன்றே சாப்பிட்டுவிட வேண்டும், விடியும்வரை எதையும் வைக்கக்கூடாது. காரணம் அங்கே எழுதப்படவில்லை. ஆனால் ஒரு ஆட்டின் இறைச்சியை ஒரே நாளில் ஒரு குடும்பம் எப்படித் தின்று தீர்க்கும்? அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டால்தான் முடியும். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் அசனம், அதாவது ஊரோடு உட்கார்ந்து சாப்பிடும் விருந்து, போட்டுப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். நேர்ந்துகொண்டதைச் செலுத்தும் பொருத்தனை பலி என்றால் மீதியை மறுநாளும் சாப்பிடலாம். ஸ்தோத்திர பலிக்கு அந்தச் சலுகை இல்லை.