'வன்னியன்' குடும்பப் பெயர் அல்ல: வன்னிப் பிரமுகர்களைப் பற்றி எழுதும்போது விடும் பிழைகள்

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட தலைவர் பண்டார வன்னியனைப் பற்றிப் பள்ளிக்கூட மலருக்கு ஒரு மாணவி கட்டுரை தந்தாள். மேலே பெட்டி கட்டி, 'பெயர்: பண்டார. குடும்பப் பெயர்: வன்னியன்' என்று வடிவாக எழுதியிருந்தாள். இந்தப் பிழையை வளர்ந்தவர்களும் விடுகிறார்கள்.

வன்னியன் என்பது பட்டம். பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, கருநாவல்பற்று, மேல்பற்று, தென்னமரவடி என்று பிரிந்து கிடந்த வன்னிப்பற்றுகளை ஆண்ட தலைவர்களுக்குரியது. ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுத்தவர்களும் இவர்கள்தான். பெண் ஆண்டால் வன்னிச்சி. குடும்பப் பெயராக இருந்தால் இப்படி ஆண்பால், பெண்பால் பார்த்து மாறுமா? 'பண்டார'வும் பட்டத்தோடு சேர்ந்த சொல்தான். யாழ்ப்பாணத்து அரசன் புவிராஜ பண்டாரத்தின் பெயரிலும் அது உண்டு, கண்டி இளவரசர்களின் பெயர்களிலும் உண்டு. ஆகவே இரண்டு சிறப்புச் சொற்களைப் பெயர், குடும்பப் பெயர் என்று பிரித்தால் ஆளே காணாமல் போய்விடுகிறார்.

அடுத்தது, எனக்கு மிகவும் மனம் நோகிற பிழை. ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில், கற்சிலைமடுவில் வெள்ளைக்காரர் நட்ட கல்லைப் பார்த்துவிட்டு, 1803 ஒக்டோபர் 31 பண்டார வன்னியன் இறந்த நாள் என்று எழுதுகிறார்கள். கல்லிலுள்ள ஆங்கில வரியை நிதானமாக வாசியுங்கள். இவ்விடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் ட்றிபேர்க் பண்டார வன்னியனைத் தோற்கடித்தான் என்கிறது, அவ்வளவுதான். இறந்தார் என்ற சொல்லே அதில் இல்லை. அந்த மண்ணில்தான் சண்டை நடந்தது என்றும் அது அடித்துச் சொல்லவில்லை, 'அண்மையில்' என்றுதான் சொல்கிறது. அதே ஆண்டு ஓகஸ்ட் 25 அன்று அவர் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். தோற்ற நாளை எழுதுகிறவர்கள் அந்த நாளையும் பக்கத்தில் எழுதவேண்டும்.

பெயரில் 'வன்னி' இருந்தால் உடனே வன்னித் தலைவர்களின் பட்டியலில் சேர்ப்பதும் பிழை. தமிழரசுக் கட்சியின் கோப்பாய் எம்.பி.யாக இருந்த கு. வன்னியசிங்கத்துக்கு அது பெற்றோர் வைத்த பெயர். 'கு.' என்பது தகப்பன் குமாரசாமி. 1965 முதல் 1970 வரை நிதி அமைச்சராக இருந்த யு. பி. வன்னிநாயக்க சிங்களவர். சொல் மொழி தாண்டிப் போயிருக்கிறது, அதற்காக உறவு கொண்டாட முடியாது. தமிழ்நாட்டு வன்னியர் என்பது ஒரு சமூகத்தின் பெயர். எங்கள் வன்னியர்களையும் அவர்களையும் ஒரே வரியில் எழுதுவதற்கு முன் ஆதாரம் வேண்டும்.

'முதலியார்' என்ற சொல்லிலும் இதே சிக்கல்தான். இலங்கையில் அது அரசு கொடுத்த பதவி, தமிழருக்கும் கிடைத்தது, சிங்களவருக்கும் கிடைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. லட்சுமணசாமி முதலியாருக்கோ அது சாதிப் பட்டம்.

மாணவியைக் கூப்பிட்டு இவ்வளவும் சொன்னேன். 'வன்னியன்' என்பதை அழித்துவிட்டு, 'பட்டம்' என்று புதிதாக ஒரு வரி போட்டு அதில் எழுதினாள். பிறகு வெறுமையாகிவிட்ட வரியைப் பேனையால் தொட்டுக் காட்டினாள்.

"அப்ப குடும்பப் பெயர் எண்ட இடத்தில என்ன போடுறது ரீச்சர்?"

"அந்த வரியே வேண்டாம் பிள்ளை, எடுத்துவிடு."