கறுப்பு மையில் படிந்த வெண்தூள்

இந்தியன் இங்க் கொண்டு நான் பொழுதுபோக்காக வரையும் கேலிச்சித்திரங்களில், கறுப்பு நிரப்பிய இடமெல்லாம் உலர்ந்தபின் சாம்பல் பூத்தாற்போல் தெரிந்ததற்குக் காரணம், மேசையருகே கூண்டில் வளரும் காக்டீல் என்னும் கொண்டைக் கிளி இறகு கோதும்போது உதிரும் வெண்தூள்தான். அந்த இனத்துக்குப் பொடியாக உதிரும் தூவிகள் இயல்பிலேயே உண்டு என்பதால், இதை அடியோடு நிறுத்த இயலாது. ஆகவே கூண்டை மின்விசிறிக் காற்றிலிருந்து விலக்கி ஜன்னலோரம் வைத்து, காலை வேளைகளில் தெளிப்பானால் வெறும் தண்ணீரை மெல்லத் தெளித்துக் குளிக்கவிட்டதும் தூள் வெகுவாகக் குறைந்தது.

ஜன்னலோரத்தில் வேறொரு தொல்லை முளைத்தது. எதிர் மரத்தில் வல்லூறு வந்தமரும்போதெல்லாம் (வரைவதற்கு அதைவிட நல்ல முகவெட்டு கிடையாது என்பது வேறு விஷயம்) காக்டீல் கொண்டையை விறைத்துக்கொண்டு கூண்டுக் கம்பிகளில் மோதியது. வெளியைப் பார்த்த பக்கத்தைப் பருத்தித் துணியால் மறைத்தபின் அணில் கத்தினால்கூடத் தலையைச் சாய்ப்பதோடு சரி. மற்றப் பக்கங்கள் திறந்திருப்பதால் காற்றோட்டத்துக்கும் குறைவில்லை.