பழைய மேனுவல் காரின் கிளட்ச்: கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரில் மேனுவல் கார்கள் அருகிவிட்டன. வாகன உரிமைச் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்ட பழைய கார்கள், ஆர்வலர்கள் பேணிவரும் ஸ்போர்ட்ஸ் கார்கள், தேக்கா கடைகளுக்குச் சரக்கு இறக்கும் வேன்கள் என்று எஞ்சியிருப்பவற்றில் பெரும்பாலானவை பலரது கால் பட்டவை. அப்படியொரு வண்டியை வாங்குபவர், முன்பு ஓட்டியவர்களின் பழக்கங்கள் தேய்த்துவிட்ட கிளட்ச்சையும் சேர்த்தே வாங்குகிறார். ஆனால் கிளட்ச் சரியில்லை என்று தோன்றியவுடன் கியர்பாக்ஸை இறக்கச் சொல்லிவிடக் கூடாது. இறக்குவதற்கே பல மணி நேர வேலைக்கூலி ஆகும். கோளாறோ பெடலிலோ கிளட்ச் ஆயிலிலோ, அதாவது வெளியிலிருந்தே எட்டக்கூடிய ஓரிடத்தில் இருந்திருக்கலாம். ஆகவே வெளியிலிருந்து தொடங்கி உள்ளே செல்வதுதான் முறை.

இயக்கம் எளியது. எஞ்சினோடு சுழலும் ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் அழுத்திப் பிடிக்கப்பட்டிருக்கிறது. பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ள, அந்த அழுத்தத்தால் ஸ்லேவ் சிலிண்டர் ரிலீஸ் பேரிங்கை நகர்த்த, அது பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடியைத் தளர்த்துகிறது. சில பழைய கார்களில் ஆயிலுக்குப் பதிலாகக் கேபிள் இருக்கும்.

ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தல்

வாங்கும் முன் பார்ப்பதானால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே வண்டியைப் பார்க்க வேண்டும் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் ஒருமுறை, நெரிசலில் அரைமணி நேரமாவது ஓட்டிச் சூடான பிறகு ஒருமுறை எனச் சோதிப்பது நல்லது. சூடான பின்னரே வெளிப்படும் கோளாறுகள் உண்டு.

முதலில் வழுக்கலைப் பாருங்கள். நான்காவது கியரில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தினால், எஞ்சின் சுழற்சி முள்ளும் வேக முள்ளும் ஒன்றாக ஏற வேண்டும். சுழற்சி முள் மட்டும் துள்ளி ஏறி வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்தின் ஏற்றத்திலோ அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவுப் பாதையிலோ பாரத்தோடு ஏறும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும். கருகிய நாற்றமும் வரலாம். சாலையில் சோதிக்க முடியாவிட்டால், வண்டியின் முன்னும் பின்னும் ஆளில்லாத இடத்தில் ஹேண்ட்பிரேக்கை முழுவதும் இழுத்து, மூன்றாவது கியரில் சற்றே ஆக்ஸிலரேட்டர் கொடுத்துக் கிளட்ச்சை விடுங்கள். எஞ்சின் உடனே நின்றுவிட்டால் பிடி இருக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிடி போய்விட்டது. இந்தச் சோதனையே கிளட்ச்சைச் சூடாக்கும் என்பதால் ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

அடுத்து, கிளட்ச் முழுமையாக விடுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பெடலைத் தரைவரை அழுத்தி, சில வினாடிகள் பொறுத்து ரிவர்ஸ் கியரைப் போடுங்கள். கரகரவென்று உரசும் ஒலி வந்தால் கிளட்ச் விடுபடவில்லை. பலர் இதைக் கியர்பாக்ஸ் பழுதென்று எண்ணிப் பெரிய செலவுக்கு ஆயத்தமாகிவிடுகிறார்கள். ஆனால் பெடலை விரைவாக நாலைந்து முறை மிதித்த பிறகு கியர் ஒலியில்லாமல் விழுந்தால், குற்றவாளி பெரும்பாலும் ஆயிலில் புகுந்த காற்றோ சிலிண்டரின் தேய்ந்த ரப்பர் சீலோதான். சிக்னலில் பெடலை அழுத்தியபடி நிற்கும்போது வண்டி தானாக மெல்ல நகரத் தொடங்கினால், மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ளேயே கசிகிறது என்று சந்தேகிக்கலாம். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. இதற்கெல்லாம் முன்பாக, பெடலுக்கு அடியில் தடித்த மிதியடி மடிந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். அதுவே பெடலை முழுவதும் இறங்கவிடாமல் தடுத்துவிடும்.

ஒலிகளைப் பிரித்தறிவது எளிது. நியூட்ரலில் பெடலை அழுத்தும்போது இரைச்சல் எழுந்தால் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கும். மாறாக, பெடலை விட்டிருக்கும்போது கேட்கும் இரைச்சல் அழுத்தியதும் மறைந்தால், கோளாறு கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டு பேரிங்கில் இருக்க வாய்ப்பு அதிகம். கிளட்ச்சை மாற்றினாலும் அது தீராது. புறப்படும்போது வண்டி உதறினால், பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், ஃபிளைவீல் சூட்டில் புண்பட்டிருக்கலாம், அல்லது எஞ்சின் மவுண்டிங் தளர்ந்திருக்கலாம். மவுண்டிங்கை முதலில் பாருங்கள், அது மலிவானது.

வெளியிலிருந்தே தீர்க்கக்கூடியவை

ஆயில் கிண்ணத்தைத் திறந்து பாருங்கள். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே கிண்ணம்தான். தனிக் கிண்ணமாக இருந்தால் ஒரு நுட்பம் உண்டு: பிளேட் தேயத் தேய ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் பின்னோக்கித் தள்ளப்படுவதால் ஆயில் மட்டம் சற்று உயருமே தவிரக் குறையாது. எனவே மட்டம் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். பெடலுக்கு மேலே, மாஸ்டர் சிலிண்டரின் தண்டு உள்ளே நுழையும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், கார்ப்பெட்டும் நனைந்திருக்கலாம். ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கினால் உள்ளே ஈரம் இருக்கக் கூடாது.

கறுத்துப்போன ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். வழக்கமான கிளட்ச் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் அதை ஆண்டுக்கணக்கில் அப்படியே விடுவது சிலிண்டருக்கு நல்லதன்று. எந்த வகை ஆயில் என்பதை மூடியின் மீதோ கையேட்டிலோ பார்த்து அதையே ஊற்றுங்கள். தவறான எண்ணெய் ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். காற்றை வெளியேற்ற இருவர் தேவை. ஒருவர் பெடலை நிதானமாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் ஸ்லேவ் சிலிண்டரிலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, ஆயிலில் முங்கியிருக்கும் குழாய் வழியாகக் குமிழிகள் வெளியேறிய பின் திருகை மூடுவார். மூடிய பிறகே பெடலைத் தூக்க வேண்டும். கிண்ணம் வற்றிவிட்டால் மீண்டும் காற்று புகும் என்பதால் இடையிடையே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டியின் பெயின்ட்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

கேபிள் வகையில், பெடலின் தொடக்கத்தில் எதிர்ப்பில்லாமல் இறங்கும் சிறு இடைவெளி இருக்க வேண்டும். அதன் அளவு வண்டிக்கு வண்டி வேறுபடும். கையேடு சொல்வதே முடிவு. பிளேட் தேயும்போது அந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். முற்றிலும் இல்லாமற்போனால் பேரிங் ஓயாமல் உரசி, பிளேட்டும் அரைகுறைப் பிடியில் வழுக்கத் தொடங்கும். அந்நிலையில் கேபிளைச் சரிசெய்தாலே வழுக்கல் நின்றுவிடுவதும் உண்டு.

கியர்பாக்ஸை இறக்க நேர்ந்தால்

இது வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) கார் நிறுத்துமிடத்தில் ஜாக்கியை வைத்துச் செய்யும் வேலையன்று. சின் மிங், காக்கி புக்கிட், உபி போன்ற இடங்களில் மேனுவல் வண்டிகளில் கைப்பழக்கமுள்ள பட்டறையைத் தேடிக் கொடுங்கள். இறக்கியதும் நேரில் சென்று பார்ப்பது உங்கள் உரிமை. பிளேட்டின் ரிவெட் தலைக்கு மேல் உராய்வுப் பரப்பு 0.3 மில்லிமீட்டர் மட்டுமே எஞ்சும் அளவுக்குத் தேய்ந்துவிட்டால் பொதுவாக மாற்றிவிடுவார்கள். பிளேட்டில் எண்ணெய்ப் பசை இருந்தால், கிராங்க் தண்டின் பின்புற சீலிலிருந்து எஞ்சின் ஆயில் வருகிறதா, கியர்பாக்ஸின் முன்புற சீலிலிருந்து கியர் ஆயில் வருகிறதா என்று கண்டறிந்து அந்தச் சீலையும் மாற்றச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டுப் புதுப் பிளேட் போடுவது பணத்தை எண்ணெயில் நனைப்பதே ஆகும்.

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே தொகுதியாக மாற்றுவதே சரி. ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருக்கும் வகையென்றால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். சாதாரண ஃபிளைவீலில் நீலத் தழும்புகள் இருந்தால் கடைந்து சமப்படுத்தலாம். விரிசல் கண்டால் மாற்ற வேண்டும். டீசல் வேன்கள் பலவற்றில் உள்ள இரட்டை நிறை (dual-mass) ஃபிளைவீலைக் கடையக் கூடாது. பழைய பிளேட்டின் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் அதைக் காற்றால் ஊதவிடாதீர்கள்.

எவ்வளவு செலவிடுவது என்பதை வாகன உரிமைச் சான்றிதழில் எஞ்சியுள்ள காலத்தையும் வைத்தே தீர்மானிக்க வேண்டும். ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்ட காரின் சான்றிதழை மறுபடி புதுப்பிக்க முடியாது. அத்தகைய காரில் ஓராண்டு மட்டுமே மிஞ்சியிருந்தால், தொகுதியை மட்டும் மாற்றி, பயன்படுத்தத்தக்க நிலையிலுள்ள ஃபிளைவீலை விட்டுவிடுவேன். நான்காண்டுகள் இருந்தால் எதையும் மிச்சம் பிடிக்க மாட்டேன். வியாபாரியிடம் வாங்கி ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள லெமன் சட்டத்தின்கீழ் அது ஒப்படைக்கும்போதே இருந்த குறை என்று கருதப்படும். ஆனால் இயல்பான தேய்மானத்தை அந்தச் சட்டம் காப்பதில்லை. கிளட்ச் தேயும் பொருளாதலால், பட்டறை எழுதித் தரும் அறிக்கையும் கழற்றிய பாகங்களின் படங்களும் உங்கள் கையில் இருக்க வேண்டும். தனிநபரிடம் வாங்கினால் இந்தச் சட்டம் பொருந்தாது.

புதுக் கிளட்ச் பொருத்திய பின் முதல் 500 கிலோமீட்டர்வரை மிதமாக ஓட்டுங்கள். வேனாக இருந்தால் அதுவரை முழுப் பாரம் ஏற்றாதீர்கள். ஒரு வாரம் கழித்து ஆயில் மட்டத்தையும், கியர்பாக்ஸும் எஞ்சினும் சேரும் இடத்தின் அடிப்பகுதியில் ஈரம் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.