ராணுவச் சிற்றலையைக் கேட்பது எப்படி?

சிற்றலை (ஷார்ட்வேவ்) பிடிக்கும் ரேடியோப் பெட்டி மட்டும் இருந்தால் போதாது, அதில் எஸ்எஸ்பி, அதாவது ஒற்றைப் பக்கப்பட்டையில் வரும் குரலைப் பிடிக்கும் வசதியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ராணுவக் குரல்கள் வாத்துக் கத்தல் மாதிரிதான் வரும். பெட்டியை யுஎஸ்பி முறையில் வையுங்கள். இது கணினியில் செருகுவது இல்லை, மேல்பக்கப் பட்டை. வடிகட்டியின் அகலம் 2.7 கிலோஹெர்ட்ஸ். குரல் கீச்சென்றோ கட்டையாகவோ வந்தால் 50 ஹெர்ட்ஸ், 50 ஹெர்ட்ஸாக நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

ஆண்டெனாவுக்கு 15 மீட்டர் செம்புக் கம்பியும் கம்பியைப் பெட்டியோடு பொருத்தித் தரும் சிறு மின்மாற்றியான ஒரு 9:1 அன்அன்னும் போதும். பெரிய தொல்லை வீட்டுக்குள் இருக்கிறது: எல்இடி விளக்கும் சார்ஜரும். பெட்டியை பேட்டரியில் ஓடவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துக் கேளுங்கள். இரைச்சல் அடங்கினால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். இரைச்சல் போட்டு மாட்டிக்கொண்ட சார்ஜரின் ஒயரை, இரைச்சலை அடக்கும் 31 ரக ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்று சுற்றுங்கள்.

கணினியில் செருகும் சிறு ரேடியோவான ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி3 வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிற்றலையை அப்படியே எண்களாக மாற்றும் நேரடி மாதிரியெடுப்பில் அது 28.8 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதால், 17625 கிலோஹெர்ட்ஸில் வரும் ஒலிபரப்பு மடங்கி 11175-இல் வந்து விழும். நாம் தேடும் அமெரிக்க விமானப்படையின் இடமே அதுதான்! 14 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டும் வடிகட்டியைப் போட்டால் தீரும்.

11175, 8992 கிலோஹெர்ட்ஸ் இரண்டும் அமெரிக்க விமானப்படையின் எச்எஃப்ஜிசிஎஸ் வலையமைப்பின் அலைவரிசைகள். பகலில் முதலாவதையும் இரவில் இரண்டாவதையும் கேளுங்கள். 'ஆல்ஃபா, பிராவோ' என்று எழுத்தெழுத்தாக வாசிப்பார்கள். முதல் ஆறு எழுத்துகளை மூன்று முறை சொல்லிவிட்டு, பிறகு முழுச் செய்தி வரும். பெரும்பாலும் 30 எழுத்து. பல நிலையங்கள் ஒரே நேரத்தில் அனுப்புவதால் குரலுக்குப் பின்னால் லேசான எதிரொலி கேட்கும். அந்த எதிரொலியை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். செய்தி 'ஸ்கைகிங்' என்ற அழைப்போடு ஆரம்பித்தால் உடனே பதிவு பொத்தானை அழுத்துங்கள். அது சில நொடிகளில் முடிந்துவிடும்.

ரஷ்யாவின் 'பஸ்ஸர்' என்ற வானொலி நிலையம் 4625 கிலோஹெர்ட்ஸில், நிமிடத்துக்குச் சுமார் 25 முறை உறுமும். பகலில் அயனிமண்டலத்தின் டி அடுக்கு அதை விழுங்கிவிடும். அந்த நிலையத்துக்கும் உங்களுக்கும் இடைப்பட்ட பாதை முழுக்க இருட்டாக இருக்கும் நேரம் பாருங்கள். எப்போதாவது உறுமல் நின்று, ஒரு குரல் ரஷ்ய மொழியில் அழைப்புக்குறி, எண்கள், ஒரு சொல், மறுபடி எண்கள் என்று படிக்கும். பூஜ்யம் முதல் ஒன்பது வரை ரஷ்ய எண்களைப் பழகிவிட்டால் எண்களை நேரடியாக எழுதிக்கொள்ளலாம்.

குறிப்பேட்டில் யுடிசி (உலகப் பொது) நேரம், கிலோஹெர்ட்ஸ், முறை, காதில் விழுந்த எழுத்துகள், இவ்வளவும் இருக்கட்டும். பொருள் தேட வேண்டாம், சங்கேதம் அவிழாது. கேட்பதற்கும் கேட்டதை வெளியிடுவதற்கும் சில நாடுகளில் தடை உண்டு, முதலில் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். ஒலிபரப்பவும் முடிகிற கருவி என்றால் மைக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

4625-இல் கேட்பது பஸ்ஸர்தானா என்ற சந்தேகம் வந்தால், நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தின் இணையவழி ரேடியோவான வெப்எஸ்டிஆரை இரவில் திறந்து ஒப்பிடுங்கள். அங்கே உறுமுகிற தாளத்தோடு உங்களுடையது ஒத்துப்போகவில்லையென்றால், மறுபடி சார்ஜர்களைத்தான் தேட வேண்டும்.